அப்பாவுக்கு அரிசியை நிறுத்தியாச்சு, சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

பிப்ரவரி 8, 2025 (வந்த கேள்வி)

அக்கா, அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன தீபாவளிக்குப் பிறகு வீட்டில் அரிசியையே நிறுத்திவிட்டோம். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் வரகரிசிச் சாதம், ராத்திரி தினை தோசை. காசும் அதிகம் போகிறது, அப்பாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார். மூன்று மாத சராசரி (HbA1c என்ற ரத்தப் பரிசோதனை) அப்போது 8.1, இப்போது 8.3. வாட்ஸ்அப்பில் ஒருவர் பழைய சோறுதான் மருந்து என்கிறார். இன்னொருவர் தானியமே கூடாது, முட்டையும் கறியும் போதும் என்கிறார். யார் சொல்வதைத்தான் கேட்பது?

பிப்ரவரி 8, இரவு

யாரைக் கேட்பது என்பது அப்புறம். முதலில் எனக்குத் தெரிய வேண்டியது: கூழ் எவ்வளவு? வரகுச் சாதத்தோடு தொட்டுக்கொள்ள என்ன, எவ்வளவு? தோசை எத்தனை, எதோடு? தானியத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 9

பதில் பார்த்தேன். காலையில் பெரிய சொம்பு நிறையக் கூழ், மோர்மிளகாய். மதியம் தட்டு நிறைய வரகுச் சாதம், வத்தக்குழம்பு, அப்பளம், கொஞ்சம் மோர். ராத்திரி நான்கு தோசை, தேங்காய்ச் சட்னி. "சிறுதானியம்தானே என்று அளவு பார்க்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். அதே 100 கிராம் கேழ்வரகில் சுமார் 67 கிராம். குறைவுதான், ஆனால் பாதியெல்லாம் இல்லை. பெரிய வித்தியாசம் நார்ச்சத்தில்: அரிசியில் 3 கிராம்கூட வராது, கேழ்வரகில் 11 கிராம். சுண்ணாம்புச் சத்தில் கேழ்வரகுக்குப் பக்கத்தில் எந்தத் தானியமும் வர முடியாது, 350 மில்லிகிராமுக்கு மேல். இதெல்லாம் உண்மை. நான் கேழ்வரகுக்கு எதிரி இல்லை, எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் களி உண்டு. ஆனால் அரிசிச் சோற்றை ஒரு கரண்டியோடு நிறுத்தியவர், "இது நல்லது" என்று கூழை ஒரு சொம்பு குடித்தால் கணக்கு எங்கே இறங்கும்?

இன்னொன்று, கேழ்வரகை நைஸாக அரைத்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, கரைத்துக் குடிக்கிறோம். மெல்ல வேண்டிய வேலையே இல்லை. குடல் செய்ய வேண்டிய பாதி வேலையை மிஷினும் அடுப்பும் செய்துவிட்டன. அதனால் அந்த மாவு சீக்கிரம் சர்க்கரையாகிவிடுகிறது. என் மாமியாருக்கும் சர்க்கரை உண்டு, வீட்டில் விரல் குத்திப் பார்க்கும் மிஷின் இருக்கிறது. கூழ் மட்டும் குடித்த காலையில் இரண்டு மணி நேரம் கழித்து 218. புழுங்கலரிசிச் சோறு அளவாக, அதற்கு மேலே முருங்கைக்கீரைப் பொரியலும் கெட்டியான பாசிப்பருப்புக் கூட்டும் வைத்துச் சாப்பிட்ட மதியம் 164. அரிசி ஜெயித்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டாவது தட்டில் வேறு ஏதோ இருந்தது என்றுதான் அர்த்தம்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

முக்கியமானது, மேலே எழுத விட்டுப்போனது. சாப்பாட்டை மாற்றும்போது மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். அதே போல, மாத்திரையோ இன்சுலினோ அப்படியே இருக்க, சோற்றை மட்டும் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ரொம்ப இறங்கிக் கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். அளவை மாற்றப் போகிறோம் என்று டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

8.1க்கும் 8.3க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தாலே இந்த அளவு மாறி வரும். கூடிவிட்டது என்று அப்பாவைத் திட்ட வேண்டாம். குறையவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 12

ஒருவர் வந்து, "தென்னிந்தியர்கள் அரிசி தின்றே கெட்டார்கள், கோதுமை தின்ற பஞ்சாபிகள் திடமாக இருந்தார்கள், வெள்ளைக்காரனே எலிக்குக் கொடுத்து நிரூபித்துவிட்டான்" என்று எழுதியிருந்தார். அவர் சொல்கிற சோதனை நடந்தது உண்மை, அதுவும் நம் குன்னூரில். ஆனால் அது சொன்னது வேறு.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர், வைட்டமின் பி1 குறைவால் கால் தளர்ந்துபோகும் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்னக் கூடம் ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவின் ஊட்டச்சத்து ஆராய்ச்சி பிறந்த இடம் நீலகிரி.

மெக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுவது போலவே உணவு கொடுத்தார். சீக்கியர் உணவு சாப்பிட்ட எலிகள் நன்றாக வளர்ந்தன. சென்னை மாகாண, வங்காள உணவு சாப்பிட்டவை இளைத்து, நோய் கண்டன. இதைத்தான் "அரிசி தோற்றது" என்று சொல்கிறார்கள். அந்தச் சீக்கியத் தட்டில் என்ன இருந்தது என்று பாருங்கள்: தவிடு எடுக்காத கோதுமைச் சப்பாத்தி, பால், நெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது கறி. சென்னைத் தட்டில் தீட்டிய அரிசியே மலை போல. பால், பருப்பு, காய் எல்லாம் பெயருக்கு. கோதுமையும் அரிசியும் மட்டுமா மாறின? தட்டே மாறியது. அந்தப் பாலையும் கீரையையும் பருப்பையும் அரிசிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் முடிவு வேறு மாதிரி வந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பெரிபெரி கதையும் இதே பாடம்தான். ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் 1890களில் கவனித்தார்: தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால் தளர்ந்தது, தவிட்டோடு இருக்கும் அரிசி கொடுத்ததும் எழுந்து நடந்தன. அந்த வழியில்தான் வைட்டமின் பி1 தெரியவந்தது. 1929இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் வடக்கே, ஆந்திரக் கடலோர மாவட்டங்களில்தான் அதிகம். அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. தமிழ்ப் பகுதிகளில் புழுங்கல். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உள்ளே இறங்கி அரிசியில் தங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. இரண்டு ஊரும் அரிசிதான், ஒரு ஊருக்கு நோய், ஒரு ஊருக்கு இல்லை. "அரிசி நல்லதா கெட்டதா" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

யார் எந்த உணவைப் பற்றி என்ன சொன்னாலும் நான் கேட்பது: அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்ன வைக்கச் சொல்கிறார்கள், எவ்வளவு, யாருக்கு? இதற்குப் பதில் இல்லாத அறிவுரையைக் கேட்டு எங்கள் வீட்டில் எதையும் மாற்றுவதில்லை.

பிப்ரவரி 13

"அப்போ ராத்திரி சப்பாத்தி?" முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு 64 கிராம் மாவுச்சத்து, புரதம் 10 கிராம் சொச்சம். அரிசியைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சர்க்கரைக்காரர் சாப்பாடு ஆகாது. இரண்டு சப்பாத்தி, கொண்டைக்கடலை, ஒரு கிண்ணம் வெள்ளரி தக்காளி என்றால் பேசலாம்.

பிப்ரவரி 16

சரி, தட்டு தட்டு என்கிறேனே, எந்தத் தட்டு?

2024 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டன. மொத்தம் 17 வழிமுறைகள். அதில் ஒரு நாளைக்கு 2000 கலோரி கணக்கில் ஒரு தட்டு போட்டிருக்கிறார்கள். காய்கறி கீரை சேர்த்து 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகள் 35 கிராம், எண்ணெய் நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். தானியத்திலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது அவர்கள் பேச்சு. இது நலமாக இருக்கும் பெரியவர்களுக்கான சராசரி. உங்கள் அப்பாவுக்கு டாக்டர் இன்னும் குறைக்கச் சொல்லலாம்.

எண்களைப் படித்தால் ஒன்றும் தெரியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். சமையலறைத் தராசை வைத்து 85 கிராம் துவரம்பருப்பை ஒரு கிண்ணத்தில் போட்டேன். அரை டம்ளருக்கும் சற்று குறைவு. பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் அது ஒருவருக்கு! எங்கள் வீட்டில் ஐந்து பேர், அப்படியென்றால் ஒரு நாளைக்கு 400 கிராமுக்கு மேல். அன்று வரை ஐந்து பேருக்குமான சாம்பாருக்கு நான் போட்டுக்கொண்டிருந்தது ஒரு சின்ன டம்ளர் பருப்பு, 120 கிராம். அதை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்வோம். "நாங்கள் தினம் சாம்பார்தான், புரதத்துக்கு என்ன குறை" என்று சொல்பவர்கள் ஒரு தடவை பருப்பை நிறுத்துப் பாருங்கள். புளித்தண்ணீரும் காயும் மிதக்கும் சாம்பார் ஒரு கரண்டியில் பருப்பு எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

தானியம் பக்கம் இதற்கு நேர் எதிர். 250 கிராம் அரிசியை வடித்தால் 700 கிராமுக்கு மேல் சோறு. இட்லி தோசை மாவும் அந்தக் கணக்கிலேயே அடங்க வேண்டும். காலையில் ஐந்து இட்லி, மதியம் இரண்டு தடவை சோறு, ராத்திரி தோசை என்றால் அந்த 250 கிராமைத் தாண்டிவிடும்.

ஏன் இப்படி ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். சோம்பலோ அறியாமையோ காரணம் இல்லை. ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆனால் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ. அதற்கு மேல் வேண்டுமென்றால் கடை விலை. மாதக் கடைசியில் எது தட்டை நிரப்பும்? வரகும் தினையும் விற்கிற விலைக்கு, அந்தக் காசில் பாசிப்பயறும் கீரையும் வாங்கி, ரேஷன் புழுங்கலரிசியையே அளவாகச் சாப்பிட்டால் அப்பாவுக்கு அதிகப் பலன் என்பது என் எண்ணம். மேலே கேட்டவரே காசு அதிகம் போகிறது என்று சொல்லியிருந்தார், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிப்ரவரி 17

மேலே உள்ள 85 கிராமைப் படித்துவிட்டு ஒருவர் பயந்துவிட்டார். முட்டை, மீன், கோழி சாப்பிடுகிறவர்கள் பருப்பின் ஒரு பகுதியை அதற்கு மாற்றிக்கொள்ளலாம், வழிகாட்டியே அப்படித்தான் சொல்கிறது. சைவம் என்றால் பருப்பு மட்டுமே என்று இல்லாமல் சுண்டல், முளைகட்டிய பயறு, உளுந்தங்களி, தட்டைப்பயறுக் குழம்பு என்று பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது. வாயுத் தொல்லை இருந்தால் மெதுவாகக் கூட்டுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வையுங்கள்.

முட்டை மஞ்சள் கரு பற்றி: ஒரு முட்டையில் கொலஸ்ட்ரால் 200 மில்லிகிராமுக்குச் சற்றே குறைவு. அமெரிக்க வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று பல வருடங்களாக இருந்த உச்சவரம்பை 2015 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். சாப்பிடும் கொலஸ்ட்ராலைவிட, உடம்பு தானே உண்டாக்குவதும், அதைக் கூட்டிவிடும், நெய் வெண்ணெய் போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பும்தான் பெரிய விஷயம் என்று தெரிந்ததால். தினம் ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேளுங்கள். சத்துணவில் குழந்தைகளுக்கு முட்டை போடுகிற மாநிலத்தில் முட்டையைப் பார்த்து இவ்வளவு பயம் வேண்டாம்.

பிப்ரவரி 22

பழைய சோறு.

எனக்கு உயிர். வெயில் காலத்தில் சின்ன வெங்காயமும் மாவடுவும் வைத்துக்கொண்டு குடிக்கிற நீராகாரத்துக்கு ஈடு கிடையாது. அதனாலேயே இதைக் கூடுதல் கவனமாகப் பார்த்தேன். பிடித்ததைப் பற்றி நல்லது சொன்னால் உடனே நம்பிவிடுவோம் இல்லையா.

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் கொஞ்சம், சிறுகுடலில் செரிக்காத வகையாக மாறுகிறது. இது உண்மை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. இந்தோனேசியாவில் அளந்து 2015இல் வெளியிட்டார்கள்: அப்போதே வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்துத் திரும்பச் சூடாக்கியதில் 1.65 கிராம். "இரண்டரை மடங்கு கூடுகிறது" என்று வீடியோவில் சொல்வார்கள், பொய் இல்லை. ஆனால் அந்த 100 கிராம் சோற்றில் மொத்த மாவுச்சத்து 28 கிராம் அளவுக்கு இருக்கும். அதில் ஒரு கிராம்தான் கூடுதலாக மாறியது. அந்தச் சோதனையில் சர்க்கரை ஏறுவது ஓரளவு குறைந்தது, ஆனால் பார்த்தது நலமாக இருந்த 15 பேரிடம்.

புளிப்பதில் கிடைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் தனிக் கதை, அது எனக்குப் பிடித்த கதையும்கூட. சாப்பிடுங்கள். சர்க்கரைக்கு மருந்து என்று சொம்பு சொம்பாக வேண்டாம். அப்புறம், மீந்த சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பு மேடையில் இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் சூடு பண்ணுவது வேறு. அதில் வளரும் ஒரு பாக்டீரியாவின் விஷம் சூட்டில் போகாது, வாந்தி எடுக்க வைக்கும். உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

மார்ச் 2

"18 சதவீதம் கூடுகிறது", "சிகரெட்டுக்குச் சமம்" என்றெல்லாம் செய்தி வருகிறதே, எப்படிப் படிப்பது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, எல்லோரும் கேட்க வேண்டியது.

2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், பதப்படுத்திய இறைச்சியை (சாசேஜ், பேகன் வகை) புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றது. உடனே "சாசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று தலைப்பு வந்தது. அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதற்கானது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்கு இல்லை. புகை பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. இது 18 சதவீதம். 18 சதவீதம் என்பதும் ஏற்கனவே இருக்கும் வாய்ப்பில் 18 சதவீதம். 100 பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், தினம் தின்றால் ஆறு பேர் என்று ஆகும். சின்ன விஷயம் என்று தள்ள வேண்டாம், ஆனால் அளவோடு பயப்படலாம்.

இன்னொரு பக்கம், நமக்குப் பிடித்த மாதிரிச் சின்ன ஆய்வுகள். காயும் புரதமும் முதலில், சோறு கடைசியில் என்று சாப்பிட்டால் சர்க்கரை குறைவாக ஏறும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். 2015இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 37 சதவீதம் குறைவு. பெரிய எண். ஆனால் பார்த்தது 11 பேரிடம். அப்புறம் மற்ற இடங்களிலும் இதே பக்கம்தான் காற்றடிக்கிறது, செய்வதற்குச் செலவும் இல்லை, தீங்கும் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் செய்கிறோம்: மாமியாருக்கு முதலில் ஒரு கிண்ணம் பொரியலும் சுண்டலும், பிறகு சோறு. ஆதாரம் சிறிது, செலவு பூஜ்யம் என்றால் முயன்று பார்ப்பேன். ஆதாரம் சிறிது, டப்பா 1800 ரூபாய் என்றால் தொட மாட்டேன்.

யார் காசு கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். 1967இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில், இதய நோய்க்குக் கொழுப்பைக் காரணம் காட்டி, சர்க்கரையை லேசாக விட்டுவிட்ட ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஹார்வர்டுக்காரர்கள். சர்க்கரை ஆலைகளின் அமைப்பு அதற்குப் பணம் கொடுத்தது என்பது பழைய கடிதங்களிலிருந்து 2016இல்தான் வெளியே வந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருடம்! எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

மார்ச் 3

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன். நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். சர்க்கரை நோய்க்கு எல்லாம் ஒன்றே. வெல்லத்தில் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே பொருள்தான். இரும்புச்சத்து இருக்கிறது என்றால், அந்த இரும்புக்காக எவ்வளவு வெல்லம் தின்ன வேண்டும் என்று பாருங்கள். மணத்துக்காக, ருசிக்காகச் சேர்ப்பது அழகு. காப்பியில் இரண்டு கரண்டிக்கு மூன்று கரண்டி போட அது அனுமதி இல்லை. நாள் முழுக்கச் சேர்த்து 25 கிராம், அதாவது ஐந்தாறு டீஸ்பூன், பெரியவர்களுக்கே அவ்வளவுதான்.

மார்ச் 9

கடையில் பெண்ணுக்கு "மல்டி மில்லட் குக்கீஸ்" என்று ஒரு பாக்கெட் வாங்கினோம். பச்சை நிற அட்டை, கதிர் படம், "அம்மாவின் தேர்வு" என்று வாசகம். திருப்பிப் பின்பக்கம் படித்தேன். எழுத்து எறும்பு அளவு. முதலில் மைதா, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது பாமாயில், நான்காவதுதான் சிறுதானியக் கலவை, 12 சதவீதம். எடை அதிகமானது முதலில் என்ற வரிசையில்தான் போட வேண்டும் என்பது விதி, அதனால் அந்த வரிசை பொய் சொல்லாது. பக்கத்தில் "ஒரு பரிமாறலில் சர்க்கரை 5 கிராம்". ஒரு பரிமாறல் எவ்வளவு? இரண்டு பிஸ்கட். எந்தக் குழந்தை இரண்டோடு நிறுத்தும்? 100 கிராமுக்கு என்ற கட்டத்தைப் பார்த்தால் 25. கால் பாக்கெட் சர்க்கரை.

முன்பக்கத்தைப் படிக்காதீர்கள். பின்பக்கத்தில் முதல் மூன்று பொருள், 100 கிராம் கட்டம், இந்த இரண்டும் போதும். பெண்ணுக்கே படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இப்போது கடையில் அவள் உரக்கப் படிக்கிறாள், கடைக்காரர்தான் முகம் சுளிக்கிறார்.

மார்ச் 15

மோர்மிளகாய், அப்பளம், வத்தக்குழம்பு என்று அப்பாவின் தட்டைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதை இப்போதுதான் திரும்பப் படித்தேன். சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் உப்பைப் பேசவே இல்லை. ஒரு நாளைக்கு 5 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதுவும் ஊறுகாய் அப்பளத்தில் இருப்பது உட்பட. சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குத்தான் அடி.

சோடியம் குறைந்த உப்பு பற்றி: ஜனவரியில் உலக சுகாதார அமைப்பு அதற்கு ஆதரவாக வழிகாட்டி வெளியிட்டது. அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர்களுக்கு, குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு அந்த வழிகாட்டி பொருந்தாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஒன்பது வருடச் சர்க்கரை என்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டும் பார்த்த பிறகே அந்த உப்பை வாங்குங்கள். பருப்பைக் கூட்டச் சொன்னேனே, அதற்கும் இதே பேச்சு. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் எவ்வளவு புரதம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் எழுதியதையும் இதையும் சேர்த்தே படிக்கவும்.

மார்ச் 23

கொஞ்ச நாளாக மனதில் கிடப்பது. அப்பாவின் சாப்பாடு, மாமியாரின் சாப்பாடு, குழந்தையின் சாப்பாடு என்று எழுதிக்கொண்டே போகிறோம். சமைக்கிறவள் என்ன சாப்பிடுகிறாள்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். நம் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருத்தி. இந்த இழையில் வந்த அத்தனை கேள்வியிலும் ஒன்றுகூட அதைப் பற்றி இல்லை.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தால் பாத்திரத்தில் என்ன இருக்கும்? சோறு இருக்கும், எப்போதும் இருக்கும். கூட்டு அடியில் ஒட்டியிருக்கும். கீரை முடிந்திருக்கும். முட்டை எண்ணி வேக வைத்ததால் நமக்கு இருக்காது. குழம்பு ஊற்றிப் பிசைந்து, அப்பளத்தோடு முடித்து, களைப்புக்கு உடனே ஒரு டம்ளர் காப்பி. அந்தக் காப்பி, சாப்பாட்டில் இருந்த கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும்.

எங்கள் வீட்டில் இப்போது பரிமாறும் முன்பே ஐந்து தட்டிலும் கூட்டையும் கீரையையும் வைத்துவிடுகிறேன், என் தட்டு உட்பட. சோறு மட்டும் மேஜையில் பாத்திரத்தோடு. மாமியார் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள். "நாங்கள்ளாம் இப்படியா சாப்பிட்டோம்" என்றார்கள். "அதனாலதான் அத்தை உங்களுக்கு எட்டு கிராம் ரத்தம்" என்றேன். அதற்கப்புறம் அவர்களே என் தட்டில் முட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள் தோழிகளே. குறைவு என்றால் பேரீச்சம்பழத்தை நம்பிக் காத்திருக்காமல் மாத்திரை எடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

மார்ச் 24

கல்யாணம், விருந்து என்றால் என்ன செய்வது? சாப்பிடுங்கள். இலையில் பாயசம் வைத்தால் இரண்டு வாய். மாதம் ஒரு விருந்து யாரையும் கெடுக்காது, தினப்படித் தட்டு கெடுக்கும்.

ஏப்ரல் 6

கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றியிருக்கிறார்கள். காலையில் கூழுக்குப் பதில் மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் பயறுச் சுண்டலும். மதியம் வரகை விட்டுவிட்டுப் பழையபடி புழுங்கலரிசிச் சோறு, அளந்து ஒரு கிண்ணம், அதோடு இரண்டு கரண்டி கெட்டிக் கூட்டு, கீரை, ஒரு முட்டை. சாப்பிட்ட பிறகு தெருக்கோடி வரை நடை. அப்பா முகம் கொடுத்துப் பேசுகிறாராம். சாப்பாட்டுக்குப் பின் 240க்கு மேல் இருந்தது இப்போது 170, 180.

சந்தோஷம். ஆனால் மூன்று மாத சராசரியை இப்போதே போய்ப் பார்க்காதீர்கள். ரத்தச் சிவப்பணுவின் ஆயுளே மூன்று, நான்கு மாதம், பழைய நாட்களும் அந்தக் கணக்கில் கலந்திருக்கும். மே கடைசியில் பாருங்கள், கிரியேட்டினினும் சேர்த்து. ராத்திரி தோசை இன்னும் நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இரண்டாக்கி, சட்னிக்குப் பதில் கெட்டிப் பருப்புச் சாம்பார் ஒரு கிண்ணம் வையுங்கள். அம்மாவுக்கும் ஒரு முட்டை வேக வையுங்கள்.